ஆமைக்கு என்ன ஆனது

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மோசஸ் நல்ல மனநிலையில் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலைக்கு லேசாக எண்ணெய் தடவியிருந்தார். தலையில் முடி கிடையாது. எண்ணெய் பழக்கத்துக்கு.

"ஆம்பூர், தோல் பதனிடும் ஆலை மேற்பார்வையாளர் திரு. மோசஸ் அவர்களின் மூத்த குமாரன் ஆலன்," என்று ஆயர் வாசித்தார். "வேலூர், திரு. டேனியல் அவர்களின் ஒரே குமாரத்தி பிரிஸ்கில்லா. இவ்விருவரின் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுந்து தெரிவிக்கலாம். இது முதலாம் ஓலை."

கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை சொல்ல இதுவரை யாரும் எழுந்ததில்லை. அந்த வரி வரும்போது பெண்கள் குழந்தைகளின் மூக்கைத் துடைப்பார்கள். ஒருவர் எழுந்துவிட்டால் கல்யாணத்தை நிறுத்திவைத்து கமிட்டி விசாரிக்க வேண்டும் என்று விதி. அந்தக் கமிட்டி தண்ணீர்த் தொட்டி விஷயத்தை இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பத்திரிகை வந்தது.

பிரிஸ்கில்லா வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். தமிழில் கவிதை எழுதுகிறாள். பழைய கிரேக்கத்து நாடகக்காரர் ஒருவரைப் படித்துவிட்டுச் சில கவிதைகள் எழுதினாள். தலைப்பு, 'நாடகக்காரன்'. திருப்பத்தூரிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினாள். அது காலாண்டிதழ். கவிதைகள் அச்சில் வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

கவிதைகளுக்குக் கீழே ஒரு அடிக்குறிப்பு இருந்தது. யார் அந்த ஆள், எந்த நாடு, எத்தனை நூற்றாண்டுக்கு முன், எல்லாம் அதில் இருந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. ஆசிரியர் அடிக்குறிப்பை எடுத்துவிட்டுச் சந்தா விவரம் போட்டார்.

ஆகவே வாசகருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ஒரு நாடகக்காரன். அவனுக்கு வழுக்கை. தலைக்கு மேலே பருந்து.

ஆலன் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புவது வேலை. கவிதை படிக்கிற பழக்கம் இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவள் பெயர் அச்சில் வந்திருப்பதைப் பார்த்ததும் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். சித்தப்பா மகன் நவீன்குமார் அதை இளைஞர் ஐக்கியக் குழுவுக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி எழுதினான்.

"நம்ம பெரியப்பாவா இது?"

ஆம்பூரில் மோசஸ் பலர். நாடக மோசஸ் ஒருவர்தான். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கோயில் நாடகத்தை அவர்தான் எழுதுவார், நடத்துவார். ராஜா வேடமும் அவரே போடுவார். வேறு யாருக்கும் அந்தக் குரல் இல்லை என்று அவரே சொல்வார். ராஜாவுக்குக் கிரீடம் உண்டு. கிரீடம் நிற்க முடி வேண்டும். அவர் பாவாடை நாடாவால் தாடையில் கட்டிக்கொள்வார்.

ஆக நாடகக்காரன் சரியாக இருந்தது. வழுக்கை சரியாக இருந்தது. மோசஸ் வேலை செய்யும் டேனரிக்கு மேலே பகல் முழுக்கப் பருந்து சுற்றும். தோலிலிருந்து வழித்த சவ்வையும் கொழுப்பையும் கொட்டும் இடம் பின்பக்கம்தான். பருந்தும் சரியாக இருந்தது.

*

டேனரியில் அதை முதலில் வாய்விட்டு வாசித்தவர் நிசார் அஹமது. தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பது அவர் வேலை. வாணியம்பாடி, ஆம்பூர் முஷாயிரா கவியரங்குகளில் உருதுவில் கேலிக் கவிதை வாசிப்பது அவர் சந்தோஷம். தமிழும் நன்றாகப் படிப்பார். மோசஸுக்கு முப்பது வருஷத்து தோஸ்த்.

தேநீர் நேரம். தோல் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர்கள் சுற்றி நின்றார்கள். மோசஸ் பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மருமவ உன்ன பத்தி எழுதியிருக்குதாமே தோஸ்த்," என்றார் நிசார் அஹமது. "நீ பாக்கல?"

"கவித எழுதுதுன்னு தெரியும்," என்றார் மோசஸ். "படி பாய். எல்லாரும் கேக்கட்டும்."

நிசார் அஹமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தூரப் பிடித்தார்.

"வீடு விழுந்து சாவாய் என்றது குறி.
வெளியே வந்து உட்கார்ந்தான் நாடகக்காரன்.
வானம் விழாது என்பது
அவன் கணக்கு."

"நல்லாத்தான் இருக்குது," என்றார் மோசஸ்.

"இரு. இன்னும் இருக்குது."

"பருந்துக்குத் தெரிந்தது மூன்று.
பசி. ஓடு. பாறை.
நகத்தில் ஆமை.
கீழே பளபளவென்று ஒன்று.
பாறை என்று நினைத்தது.
மற்றபடி அது
நல்ல பருந்து."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். மோசஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா ஆச்சு அப்புறம்?"

"ஆமைய போட்டுச்சு. ஆளு க்ளோஸ்," என்றார் நிசார் அஹமது. "ஆமையோட ஓடும் ஒரு வீடுதான்னு ஒரு வரி இருக்குது பாரு. குறி பலிச்சிடுச்சு. வாஹ்."

"இதுல நான் எங்க வர்றேன்?"

டிரம் ஓட்டுகிற கன்னியப்பன் மெதுவாக மேலே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். மூன்று பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மோசஸ் எழுந்து கொட்டகைக்குள் போனார். உள்ளே போய் நிமிர்ந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு தாங்குகம்பி துருப்பிடித்திருந்தது. வீடு விழும் என்பதும் அதே கவிதையில்தான் இருந்தது. அன்று மீதி நேரம் வாசற்படியில் நின்று வேலை வாங்கினார்.

மறுநாள் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் தணிக்கைக்கு வரும் நாளில் மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கும் ஹெல்மெட். டேனரியில் அன்று தணிக்கை இல்லை.

"சேஃப்டி," என்றார்.

"சேஃப்டிதான்," என்றார் நிசார் அஹமது. "இருந்தாலும் மேல பாத்து நட. ஆமைய நெனச்சா பாவமா இருக்குது."

*

இரண்டாம் ஓலை வாசிக்கும்போது கோயில் நிறைந்திருந்தது. சாதாரண ஞாயிறுதான். தடை அறிந்தவர்கள் எழுந்து தெரிவிக்கலாம் என்ற இடத்தில் ஆயர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நிறுத்தினார். எந்தக் குழந்தையின் மூக்கையும் யாரும் துடைக்கவில்லை.

மோசஸ் இருமினார்.

மொத்தச் சபையும் திரும்பியது. பாடகர் குழுவில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டாள். மோசஸ் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு தலையைத் துடைத்தார். ஆயர் அவசரமாக, "இது இரண்டாம் ஓலை," என்று முடித்தார்.

வீட்டில் அவர் மனைவி இன்பம் சோற்றை வைத்தாள். கோயில் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். மேடைக்கு வந்ததில்லை.

"இருமனீங்களே," என்றாள். "அது இருமலா, ஆட்சேபனையா?"

"அடுத்த வாரம் எழுந்தே நிப்பேன்."

"நின்னு இன்னா சொல்வீங்க? எனக்கு முடி இல்லன்னா?"

ஆலன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான்.

"சிரிடா," என்றார் மோசஸ். "ஊரே சிரிக்குது, நீயும் சிரி. அந்தப் பொண்ணு அடுத்த பத்திரிகையில எழுதணும். இது எங்க மாமனார பத்தினது இல்லன்னு. அச்சுல வரணும். இல்லன்னா மூணாவது ஓலையில எழுந்து நிப்பேன். சொல்லிடு."

"நெஜமா நிப்பியாப்பா?"

மோசஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஆலன் அம்மாவைப் பார்த்தான். இன்பம் தலையை ஆட்டினாள். போன ஈஸ்டருக்கு அவர் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, மைக்கில் இரைச்சல் ஜாஸ்தி, குறைக்கணும் என்று ஆயரிடமே சொன்னவர். செய்வார்.

*

புதன்கிழமை ஆலன் ரயில் பிடித்து காட்பாடிக்குப் போனான். பிரிஸ்கில்லா கல்லூரி முடித்து வந்திருந்தாள். நடைமேடையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எழுதலாம்," என்றாள் அவள். "ஆனா அச்சுல வர ரெண்டு வருஷம் ஆவும். அதுக்குள்ள உங்கப்பா தாத்தாவே ஆயிடுவாரு."

"வெளாடாத."

"சரி, நாளைக்கே வருதுன்னு வெச்சுக்கோ. இந்தக் கவிதைகள் ஆம்பூர் மோசஸ் அவர்களைப் பற்றியவை அல்லன்னு போட்டா இன்னா ஆவும்? வழுக்கைய பாக்காதவன்கூட பஸ் ஏறி வந்து பாப்பான்."

ஆலன் யோசித்தான். அது சரியாகத்தான் இருந்தது. அதனால் மேலும் கவலைப்பட்டான். கல்யாண ஹாலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அது போகட்டும். அப்பா எழுந்து நின்றுவிட்டால் திருப்பி உட்கார வைக்கிற வார்த்தை யாரிடமும் இல்லை. அவரிடமே இருக்காது. வேலூரில் இவள் அப்பாவும் ரோசக்காரர். கமிட்டி, விசாரணை என்று கேள்விப்பட்டால் மறுநாளே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்புவார்.

"நெஜத்த சொல்லு," என்றான். "எங்கப்பாவ பாத்து எழுதலதான?"

"நான் எழுதும்போது உன்னயே தெரியாது."

"எல்லாமேவா?"

"ஆறு."

"மொத்தம் ஏழு இருக்குது."

அவள் தேநீரைக் குடித்தாள். எதிர் நடைமேடையில் ஒரு ரயில் வந்து நின்றது. அது கிளம்பும்வரை அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். டம்ளர் சிறியது.

"பிரிஸ்கில்லா."

"நிச்சயத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தோமே. ஹாலு சுவர்ல ஒரு போட்டோ. ராஜா வேசத்துல. அன்னிக்கி ராத்திரிதான் பத்திரிகையில இருந்து புரூஃப் வந்துச்சு. ஒண்ணு சேத்துட்டேன்."

ஆலன் உச்சந்தலையைத் தேய்த்தான். கவலை வந்தால் தேய்ப்பான். அங்கே முடி கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது.

"அவருக்குத் தெரியக் கூடாது," என்றான்.

"நான் வர்றேன்," என்றாள். "சனிக்கிழம. நேர்லயே பேசறேன்."

"பேசி?"

"தெரில. வர்றேன்."

*

சனிக்கிழமை மதியம் அவள் ஆம்பூர் வந்தபோது வீட்டில் நிசார் அஹமதும் இருந்தார். மோசஸ் வரச்சொல்லியிருந்தார். சாட்சிக்கு என்றார். நிசார் அஹமது புது ஜிப்பா போட்டு அத்தர் பூசியிருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

இன்பம் பிஸ்கெட்டும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். ஆலன் கதவருகே நின்றான். சுவரில் ராஜா வேடத்துப் புகைப்படம் இருந்தது. பிரிஸ்கில்லா அதற்கு நேர் எதிரே உட்கார வேண்டியிருந்தது.

"அங்கிள்," என்றாள். "அது ஒரு கிரேக்க நாடகக்காரர். ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடி. அவரு தலையில பருந்து ஆமைய போட்டதா ஒரு கத இருக்குது. நான் எழுதனது அத."

"பேரு?"

சொன்னாள். மோசஸ் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாக்கு எங்கோ சிக்கியது.

"இப்பிடி ஒரு பேரு மனுஷனுக்கு இருக்குமா?"

"இருந்துச்சு அங்கிள்."

"கிரேக்கத்துல முடி இருக்கறவன் ஒருத்தனும் நாடகம் எழுதலயா?"

"எழுதியிருக்காங்க."

"அவனுங்கள பத்தி எழுதறதுதான?"

"அவங்க தலையில எதுவும் விழல அங்கிள்."

நிசார் அஹமது பிஸ்கெட்டை நனைக்க மறந்தார். "வாஹ்," என்றார்.

"பாய், நீ யார் பக்கம்?" என்று கேட்டார் மோசஸ்.

"நான் கவித பக்கம். எங்க முஷாயிராவுல ஒரு வழக்கம் இருக்குது பாப்பா. ஒருத்தன் மேல கவிதையில கல் எறிஞ்சா, அவன் கவிதையிலதான் திருப்பி எறியணும். கையில எறிஞ்சா தோத்தவன். பஞ்சாயத்துக்குப் போனாலும் தோத்தவன். அதான் ஒரு வாரமா நம்ம தோஸ்த்துக்குச் சொல்லிக்கினு இருக்கேன். நீ ஓலையில எழுந்து நின்னா தோத்துட்டன்னு அர்த்தம். எழுதுன்னேன். எழுதிட்டான்."

மோசஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எழுந்தார். புகைப்படத்துக்குக் கீழே போய் நின்றார். ஒரு காலை முன்னால் வைத்தார். நாடகத்தில் ராஜா அப்படித்தான் நிற்பார்.

"ஆமையே ஆமையே, எங்கே போனாய்?
அம்மாடி உன்னை மறந்தே போனாள்.
மாண்டவன் பேரு புத்தகம் எல்லாம்.
மேலே இருந்து நீயும் விழுந்தாய்.
வலித்ததா என்று கேட்டவர் உண்டா?"

"முகர்ரர்," என்றார் நிசார் அஹமது.

"இன்னா?"

"மறுபடி படி. நல்லா இருந்தா அப்பிடித்தான் கேப்போம்."

மோசஸ் மறுபடி படித்தார். இம்முறை 'வலித்ததா' என்ற இடத்தில் குரலை இறக்கினார். நிசார் அஹமது தொடையில் தட்டினார். மோசஸ் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆமைக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"தெரில அங்கிள்."

"புத்தகத்துல இல்லயா?"

"எதுலயும் இல்ல. நான் தேடவும் இல்ல. எனக்குத் தோணவே இல்ல."

"தோணணும். மேடையில ஒரு ஆள ஏத்திட்டா எறக்கணும். ஏத்திட்டு அப்பிடியே வுட்டுட்டா ஜனம் வீட்டுக்குப் போயும் அதையே கேக்கும்."

"நீங்க இன்னா செய்வீங்க?"

"நானா? அந்தாளு கீழ கெடக்கறான். எல்லாரும் அழுவறாங்க. ஆமை மெதுவா தலைய வெளிய நீட்டுது. இந்தப் பக்கம் பாக்குது. அந்தப் பக்கம் பாக்குது. நடந்து வெளிய போவுது. திரைய போட்டுடுவேன்."

"முகர்ரர்," என்றாள் பிரிஸ்கில்லா.

மோசஸ் உட்கார்ந்தார். காகிதத்தை மடித்தார். ஆனால் மறுபடி விறைத்துக்கொண்டார்.

"வழுக்கைக்காக நான் கோவிச்சிக்கிட்டேன்னு நெனைக்கறியா? எங்கப்பாவுக்கும் வழுக்கதான். கடைசி கவித இருக்குது பாரு. பாய், படி."

நிசார் அஹமது படித்தார்.

"தொண்ணூறு எழுதினான்.
ஏழு மிஞ்சிற்று.
எல்லாருக்கும் தெரிந்தது
தலை."

"ஏழு மிஞ்சிச்சாம்," என்றார் மோசஸ். "என்னுது ஒண்ணுகூட இல்ல. வசனம் எழுதின காயிதத்த எல்லாம் அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒட்டிடறானுங்க. உள்ள பல்பு எரிஞ்சா எழுத்து தெரியும். ரோட்டுல நின்னு என் வசனத்த நானே படிச்சிருக்கேன். தலகீழா."

அவர் சத்தம் போடவில்லை. பிரிஸ்கில்லா தேநீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த இன்பம், "யார் சொன்னது மிஞ்சலன்னு?" என்றாள். "எனக்கு எல்லா நாடகமும் மனப்பாடம்."

மோசஸ் திரும்பினார். "எல்லாமா?"

"எல்லாம். 'அடே சேவகா, கிழக்கே தோன்றும் அந்த ஒளி யாது?' எல்லாத்துலயும் அதே வசனம்தான். துணி மட்டும் மாறும்."

நிசார் அஹமது பிஸ்கெட் புரையேறி இருமினார். ஆலன் முதுகில் தட்டப் போனான். மோசஸ் எல்லாரையும் பார்த்தார். சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் ராஜா பயிற்சியால்.

"சரி," என்றார். காகிதத்தைப் பையில் வைத்தார். "ஒரு கேள்வி. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடி கிரேக்கத்துல பாவாட நாடா இருந்துச்சா?"

ஆலன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணாவது கவித," என்றார் மோசஸ். காகிதம் பார்க்காமல் சொன்னார்.

"ராஜா வேடம் அவனுக்கே.
நிற்காத கிரீடத்தை
நாடாவால் தாடையில் கட்டினான்.
தேவர்கள் சிரித்தார்கள்.
அவன் வசனத்தை நிறுத்தவில்லை."

பிரிஸ்கில்லா புகைப்படத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாடா தாடையில் தெளிவாகத் தெரிந்தது. பூப்போட்ட நாடா.

"அது நீங்கதான் அங்கிள்," என்றாள்.

"தெரியும்."

"மீதி ஆறும் அந்தாளு. சத்தியமா. உங்கள போட்டது அது ஒண்ணுலதான்."

மோசஸ் அவளைப் பார்த்தார். முகம் மாறியது. இவ்வளவு நேரம் இருந்த கோபம் போய் வேறொன்று வந்தது.

"ஒண்ணுலதானா?" என்றார்.

பிரிஸ்கில்லா தலையை ஆட்டினாள்.

"அந்தத் தலையில வுழறது?"

"அவருதான் அங்கிள்."

"வெளிய வந்து உக்காந்தது? வானம் வுழாதுன்னு நெனச்சது?"

"அவருதான்."

"ஒரு வாரமா ஹெல்மெட்டு போட்டுக்கினு திரிஞ்சது நானு," என்றார் மோசஸ். "ஊரே மேல பாத்தது எனக்காவ. இப்ப ஒண்ணுதான்ற."

"தோஸ்த்," என்றார் நிசார் அஹமது. "அந்தாளு செத்துல்ல போனான். உனக்கு அது வேணுமா?"

"செத்தாலும் பேரு இருக்குதில்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. பிரிஸ்கில்லா பேருந்துக்குக் கிளம்பும்போது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நாளைக்கி இங்க கோயிலுக்கு வா."

"வந்தா?" என்று ஆலன் கேட்டான்.

"வரச்சொல்லு," என்றது குரல்.

*

மூன்றாம் ஞாயிறு. கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. நிசார் அஹமது வெளியே மரத்தடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

மோசஸ் முன்வரிசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய். பெண்கள் பக்கத்தில் இன்பமும் பிரிஸ்கில்லாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கா, எழுந்து ஓடிவிடாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

ஆயர் ஓலையை எடுத்தார். மோசஸைப் பார்க்காமல் வாசித்தார். வேகமாக வாசித்தார். தடை அறிந்தவர்கள் என்ற வார்த்தையைத் தாண்டிவிடப் பார்த்தார்.

மோசஸ் எழுந்தார்.

ஆயர் நிறுத்தினார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆலன் உச்சந்தலையில் கை வைத்தான்.

"ஐயா," என்றார் மோசஸ். நாடகக் குரல். மைக் தேவைப்படவில்லை. "ஒரு திருத்தம்."

"ஆட்சேபனையா?" என்றார் ஆயர்.

"திருத்தம்ன்னேன். ஓலையில என் பேருக்கு முன்னாடி தோல் பதனிடும் ஆலை மேற்பார்வையாளர்னு இருக்குது."

"ஆமா. நீங்க எழுதிக் கொடுத்ததுதான்."

"அத எடுத்துட்டு நாடக ஆசிரியர்னு வாசிக்கணும்."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆயர் ஓலையைப் பார்த்தார், மோசஸைப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் ஒரு மாதிரி வாசிச்சாச்சு மோசஸ். மூணாவது வாரம் மாத்த முடியாது. விதி இருக்குது."

"முடியாதா?"

"முடியாது."

"அப்ப ஆட்சேபன," என்றார் மோசஸ்.

கமிட்டி உறுப்பினர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியே இன்னும் முடியவில்லை. அவர்களில் மூத்தவர் ஆயரைப் பார்த்து, வாசித்துவிடும்படி கையைக் காட்டினார்.

ஆயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஆம்பூர், தோல் பதனிடும் ஆலை மேற்பார்வையாளரும் நாடக ஆசிரியருமான."

மோசஸ் உட்காரவில்லை.

ஆயர் பெருமூச்சு விட்டார். "ஆம்பூர், நாடக ஆசிரியர் திரு. மோசஸ் அவர்களின் மூத்த குமாரன் ஆலன்."

ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது.

"முகர்ரர்."

ஆயருக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் மோசஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆயர் மறுபடி வாசித்தார். மோசஸ் உட்கார்ந்தார். "இது மூன்றாம் ஓலை," என்று ஆயர் சொன்னபோது பெண்கள் குழந்தைகளின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. டேனரிப் பக்கத்து வானத்தில் பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. மோசஸ் வெறுந்தலையோடு முற்றத்தின் நடுவில் போய் நின்றார். எல்லாருக்கும் தெரியும்படி நின்றார்.

"அடுத்த பத்திரிகைக்கு ஆமை நாடகத்த அனுப்பறேன்," என்று பிரிஸ்கில்லாவிடம் சொன்னார். "நீ எழுத்துப்பிழ மட்டும் பாரு. வசனத்துல கை வெக்காத."

"சரி மாமா," என்றாள். "அந்தாளு வேஷம் யாருக்கு?"

"அது யாராவது போடட்டும். நான் ஆமை."

அவர் நிசார் அஹமதுவின் ஸ்கூட்டரை நோக்கிப் போனார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஸ்கூட்டர் கிளம்பியபோது அவர் தலை ஒருமுறை மின்னியது.

ஆலன் பிரிஸ்கில்லாவின் பக்கத்தில் வந்து நின்றான். அப்பா போன திசையைப் பார்த்தான். மேலே பார்த்தான். கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

பிரிஸ்கில்லா அதைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"எழுதாத," என்றான் ஆலன்.